எழுத்து குறிப்பது எதை?

ஒரு கட்டடத்தின் உயரம் 20 மீட்டர் என்றால், அதையே அடியில் அளக்கும்போது ஏறக்குறைய 65.6 என்று வரும். எண் மாறிவிட்டது, கட்டடம் வளரவில்லை. அப்படியானால் கணக்கில் h என்று எழுதுவது எண்ணையா, உயரத்தையா?

இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலின் தொடக்கத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. எந்த அளவும் எண், அலகு என்னும் இரண்டு காரணிகளால் ஆனது. ஆகவே அலகு என்பது விடை கிடைத்த பிறகு மதிப்பெண்ணுக்காக ஒட்டவைக்கும் வால் அல்ல. பெருக்கலிலும் வகுத்தலிலும் எண்ணோடு சேர்ந்தே வரவேண்டியது. 1999இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனதற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் தந்த மதிப்பை மற்றொன்று நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டதுதான். பிழை சுமார் 4.45 மடங்கு. கூட்டல் பெருக்கலில் தவறே இல்லை.

குறியீட்டின் கதை இன்னும் நுட்பமானது. அந்த 20 மீட்டர் உயரத்திலிருந்து 2 கிலோகிராம் கல் விழுகிறது. தொடக்கத்திலேயே எண்களைப் போட்டால் நிலையாற்றல் 392 ஜூல், வேகம் நொடிக்கு 19.8 மீட்டர், அவ்வளவுதான். நிறையை m, ஈர்ப்பு முடுக்கத்தை g, வேகத்தை v என்று குறித்து mgh = ½mv² என்று எழுதினால் இருபுறமும் m அடிபட்டுப்போவது கண்ணுக்குத் தெரியும்: எந்தக் கல்லுக்கும் இதே வேகம். ஆனால் இங்கே எழுத்தே ஒன்றை மறைக்கவும் செய்கிறது. இடப்புற m புவியீர்ப்பு பற்றும் நிறை. வலப்புற m இயக்க மாற்றத்தை எதிர்க்கும் நிறை. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நியூட்டனின் விதிகள் கட்டாயப்படுத்தவில்லை; ஒரே எழுத்தை இட்டதால் கேள்வி எழாமல் போகிறது. அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் பிறந்தது.

அலகுக்கும் இத்தகைய எல்லை உண்டு. வேலைக்கும் திருப்புவிசைக்கும் நியூட்டன் மீட்டர்தான் அலகு. இரண்டும் ஒரே பொருள் அல்ல. துகள் இயற்பியலாளர்களோ ஒளியின் வேகத்தை 1 என்றே வைத்துவிடுகிறார்கள்; நீளத்துக்கும் காலத்துக்கும் இடையிலான வேலி மறைந்துவிடுகிறது. நீளம், காலம் என்று பிரிக்கும் பரிமாணம் இயற்கையில் இருப்பதா, மனிதக் கணக்கேட்டில் மட்டும் இருப்பதா? ஒளியின் வேகம் போன்ற பரிமாணமுள்ள அடிப்படை மாறிலிகள் எத்தனை என்று 2002இல் மூன்று இயற்பியலாளர்கள் ஒரே கட்டுரையில் வாதிட்டபோது, மூன்று என்றார் ஒகுன், இரண்டு என்றார் வெனெட்சியானோ, ஒன்றுமே இல்லை என்றார் டஃப்.