கெட்டி எண்ணெய்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே உள்ள திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள், சீனிவாசப் பெருமாளின் குன்றடியில் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் பழைய அம்பாஸிடர் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது; அதன்மேல் உள்ள பிரியம் நிற்கவில்லை.

அந்த வண்டியில் எண்ணெய் அழுத்தம் குறைவு. நல்ல மெக்கானிக் உடனே எஞ்சினைப் பிரிப்பதில்லை. முதலில் அளவுக் குச்சியை உருவி எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வேறொரு மானியை எஞ்சினிலேயே பொருத்திப் பார்ப்பார். சாட்சியின் யோக்கியதை தெரியாமல் தீர்ப்புச் சொல்லலாமா? அதன் பின்புதான் அடைபட்ட வடிகட்டி, தளர்ந்த வால்வு, தேய்ந்த பம்ப், கடைசியாகப் பேரிங்.

அழுத்தத்தைப் பம்ப் கொடுக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி அந்த எண்ணெயை எளிதில் விடுவதில்லை. அந்தத் தடையினால்தான் அழுத்தம் பிறக்கிறது. தேய்மானத்தில் இடைவெளி அகன்றால் எண்ணெய் தாராளமாக ஒழுகும், முள் இறங்கும்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கெட்டியான எண்ணெயை ஊற்றினால் முள் ஏறிவிடும். விற்கிறவர் அதைச் செய்துவிட்டு, "நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லையே, ஸார்! முள்ளைப் பாருங்கள்" என்கிறார். வாஸ்தவம். முள்ளும் பொய் சொல்லவில்லை. அழுத்தம் உண்மையாகவே ஏறியிருக்கிறது. அப்படியானால் மோசடி எங்கே இருக்கிறது?

எண்ணெயில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணம் சேரும் வரை எஞ்சினைக் காப்பாற்ற, வண்டிக்குச் சொந்தக்காரரே தெரிந்து கெட்டி எண்ணெய் ஊற்றினால் அது மருந்து. வாங்குகிறவருக்குத் தெரியாமல் ஊற்றினால் அதே எண்ணெய் வஞ்சகம். செயல் ஒன்றுதான், யாருக்குத் தெரிந்தது, யாருக்கு மறைக்கப்பட்டது என்பதில்தான் தர்மம் இருக்கிறது. பொய் சொல்லாதவரெல்லாம் உண்மை பேசியவர் ஆகிவிட மாட்டார்.

சம்பந்தம் பேசும் வீடுகளிலும் வியாபாரக் கணக்குகளிலும் நாம் ஊற்றுகிற கெட்டி எண்ணெய் கொஞ்சமா? கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் தேய்ந்த பேரிங் தூங்குவதில்லை. ராஜபாளையம் தாண்டி ஏதோ ஒரு சாலையில், நம்மை நம்பியவரின் குடும்பத்தோடு அது ஒருநாள் நிற்கும்.

வாங்குகிறவர், "என்ன எண்ணெய்? எப்போது ஊற்றியது?" என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி தெரியாதவரிடம் தாமாகவே பதில் சொல்கிறவரைத்தான் நான் யோக்கியர் என்பேன்.