வேட்டை விலங்கும் வினைக்கணக்கும்

சிங்கம் மானைக் கொன்று தின்னும்போது அக்கொலையின் பாவம் யாரைச் சேரும் என்ற வினாவைச் சிறுவர்கள் தயக்கமின்றிக் கேட்டுவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாம் ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லால் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். திருகோணமலைச் சைவர்களுக்கு மட்டும் இவ்வினா அத்தனை எளிதில் அடங்குவதில்லை. கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் வழி பிரெட்ரிக் கோட்டையினூடே, மரநிழல்களில் புள்ளிமான்கள் படுத்து அசைபோடும் நிலத்தைக் கடந்தே சுவாமிமலைக்கு ஏறுகிறது. அம்மலையில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானையோ ஒரு கரத்தில் மானேந்தி, அரையில் புலித்தோலுடுத்த மூர்த்தியாகப் புராணங்கள் வருணிக்கின்றன.

தாருகாவனத்து இருடிகள் இறைவனை அழிக்கக் கருதி வளர்த்த ஆபிசார வேள்வியிலிருந்து புலியும் எழுந்தது, மானும் எழுந்தது என்பது கதை. புலியைப் போலவே சாதுவான மானும் அங்கே ஆயுதமாகத்தான் ஏவப்பட்டது. கொடுமை பல்லிலும் நகத்திலும் இருப்பதாக எண்ணும் நமக்கு, அது வேள்வி வளர்த்தவர்களின் ஆணவத்தில் இருந்ததை இக்கதை காட்டுகிறது.

அம்பாந்தோட்டை மாவட்டத்தில், ரிதியகமவில், சுமார் 500 ஏக்கர் பரப்பில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சபாரி பூங்காவுக்கு நம்மவர்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்று வருகிறார்கள். நாட்டுக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கம் நம் காடுகளில் இல்லை. ஆகையால் ஆப்பிரிக்க இனத்துச் சிங்கங்களை வேலியிட்ட வெளியில் உலவவிட்டு, மனிதரைப் பேருந்துக்குள் அடைத்து அவற்றின் நடுவே கொண்டுசெல்கிறார்கள். புல் மேயும் விலங்குகளுக்கு வேறொரு வெளி. இத்தகைய பூங்காக்களில் வேட்டை விலங்கின் பகுதிக்கு இரட்டைக் கதவு வைப்பது வழக்கம். பின்கதவு அடைபட்ட பின்னரே முன்கதவு திறக்கும்.

புலியும் மானும் ஒரே துறையில் நீரருந்தும் முனிவர் ஆசிரமம் இதுதானோ என்று பார்ப்பவர் மயங்கக்கூடும். அங்கே மானுக்குச் சிங்கத்தைப் பற்றிய அச்சமில்லை. சிங்கம் மானைத் துரத்துவதுமில்லை. ஆயினும் சிங்கம் புல் தின்னப் பழகிவிடவில்லை. நாள்தோறும் அதற்கென வேறோர் உயிர் எங்கோ ஓரிடத்தில் வெட்டப்பட்டு, எடை போடப்பட்டு, கூண்டுக்கு வந்து சேர்கிறது. கொலை நின்றுவிடவில்லை, நம் கண்ணுக்குப் புறத்தே சென்றிருக்கிறது. பாய்ச்சலும் பசியும் சிங்கத்தினிடமிருக்க, கத்தி மனிதன் கைக்கு மாறியிருக்கிறது.

இங்கேதான் சித்தாந்தத்தின் விடை நமக்குப் பயன்படுகிறது. பதியாகிய இறைவன் முன் சிங்கமும் பசு, மானும் பசு, அவற்றைப் பேருந்திலிருந்து பார்க்கும் மனிதனும் பசுவே. ஆனால் விலங்குடல் தாங்கிய உயிர் முன்னை வினையின் பயனை நுகர்கிறது. நன்றும் தீதும் பகுத்துணர்ந்து புதிய வினையை ஈட்டும் ஆற்றல் மானிடப் பிறவிக்கே சிறப்பாக உரியது என்பர் ஆன்றோர். காட்டில் நிகழும் கொலைக்குச் சிங்கத்தின் பெயரில் கணக்கெழுத இடமில்லை. வேலியிட்டு, இன்னதற்கு இன்ன உணவென்று விதித்து, காட்டின் ஒழுங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்ட கணத்திலேயே மனிதன் பெயரில் கணக்குத் தொடங்கிவிடுகிறது. அவ்வாறு எடுத்துக்கொண்டது தகாது என்று நான் சொல்லவில்லை. எடுத்தவனே அதன் பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இப்பொறுப்பின் மறுபக்கத்தைக் காணத் தென்னிலங்கைக்குச் செல்ல வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டளவில் கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களைக் கொண்டு எழுப்பி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டி, 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய நம் கோட்டைக்குள் வாழும் மான்களை அடித்துத் தின்னச் சிறுத்தை வருவதில்லை. சந்நிதிக்குச் செல்லும் வழியில் அவற்றின்மீது கல்லெறிய எந்த அடியவருக்கும் மனம் வருவதுமில்லை. கொல்லாமை நிறைவேறிவிட்டதாகவே தோன்றும். ஆனால் வழியோரத்தில் எறியப்பட்ட ஒரு பையை மானொன்று மூக்கினால் புரட்டுவதைச் சற்று நின்று பாருங்கள். உள்ளே நாலைந்து வாழைப்பழத் தோல், கசங்கிய வெற்றிலை. தோலைத் தனியே உருவி எடுக்க அதற்குக் கையில்லை. பொலித்தீனையும் சேர்த்தே மென்று விழுங்குகிறது. அசைபோடும் பிராணியின் இரைப்பையில் அது செரிப்பதில்லை, வெளியேறுவதும் எளிதன்று. சுருண்டு, திரண்டு, இரைக்கு இடமில்லாமல் அடைத்துவிட, வயிறு நிறைந்திருக்கும்போதே விலங்கு பட்டினியால் மெலிந்து மடிகிறது. சிறுத்தையின் வாயில் சில நிமிஷங்களில் முடியக்கூடியது இங்கே வாரக்கணக்கில் நீள்கிறது. அப்பையை எறிந்தவர் அன்று புலால் நீக்கி விரதமிருந்த உத்தமராகவும் இருக்கலாம்.

அப்படியானால் கோட்டைக்குள் சிறுத்தையை விடலாமா என்று கேட்பது விதண்டாவாதம். வள்ளுவர் கொல்லாமையை விலங்குகளுக்கு உபதேசிக்கவில்லை, மனிதருக்கே உபதேசித்தார். கத்தியைத் தொடாதிருப்பது அவ்விரதத்தின் முதற்படி. நம் அஜாக்கிரதையால் நிகழும் சாவையும் நம் செயலென்று ஏற்றுக்கொள்வது அதன் அடுத்த படி. பூங்காவில் சிங்கத்துக்கு இறைச்சி நிறுப்பவர் தாம் செய்வது இன்னதென்று அறிந்தே செய்கிறார். கோட்டை வழியில் பை எறிபவர் அறியாமலே செய்கிறார். இவ்விருவருள் திருந்துவதற்கு எளிய வழியுள்ளவர் பின்னவரே. அர்ச்சனைப் பொருளைப் பனையோலைப் பெட்டியில் எடுத்துச் சென்று, அந்தப் பெட்டியோடேயே வீடு திரும்பினால் போதும்; அதற்குத் தனியே சங்கற்பமும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம்.