கண்ணாடிக்குள் ஒரு கடல்

இல்லத்தில் பவளத் தொட்டி அமைப்போர், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும் 25 டிகிரி வெப்பமும் மாறாது காக்கின்றனர். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரே வார்க்கின்றனர். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுமன்றோ? மின்சாரம் நின்றால் மூச்சுமுட்டும் உயிர்களுக்காகக் கண்விழிக்கின்றனர். இது கருணையா?

பவளம் கல்லன்று, உயிர்க்கூட்டம். இவையனைத்தையும் அது கடலில் கேளாமலே பெற்றிருந்தது. பறித்ததைத் திருப்பித் தருதல் கடன் தீர்த்தலேயன்றிக் கருணையாகாது. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தலும் ஒன்றென நம் ஆன்றோர் வகுத்தமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. பாறை கட்டும் பவளங்களை எடுப்பதை 2001 முதல் நம் நாட்டு வனஉயிர்ச் சட்டமும் தடுக்கிறது.

எனினும், முன்பே வளர்ப்போர் அவற்றைக் கைவிடுதல் மற்றோர் இம்சையாகும். இருப்பவற்றை இறுதிவரை பேணுக. புதிதாய் ஒன்றும் வாங்கற்க. அழகைக் கண்டு மகிழ, அதனை உடைமையாக்கல் வேண்டுவதில்லை.