பண்டாரத்தின் மகளுக்கு மாப்பிள்ளை

கடந்த ஐந்தாறு மாதத்தில் நான்கு நாவல்கள் படித்தேன். ஒன்று குற்ற நாவல், ஒன்று தமிழில் பலரும் படித்துப் பேசி முடித்த நாவல், ஒன்று போர் நாவல், இன்னொன்றை அறிவியல் புனைவு என்று வைத்துக்கொள்ளலாம். திட்டம் போட்டுப் படிக்கவில்லை, கையில் கிடைத்த வரிசைதான். ஆனால் நான்கும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டன. ஒருவரை உள்ளேயிருந்து புரிந்துகொண்ட பிறகு, அவரைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா?

முதலில் பேட்ரிசியா ஹைஸ்மித்தின் 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி'. 1955-இல் வந்தது. டாம் ரிப்ளி நியூயார்க்கில் சில்லறை மோசடி செய்து காலம் தள்ளும் இளைஞன். இத்தாலியில் ஜாலியாக இருக்கும் பணக்கார வீட்டுப் பையன் டிக்கியைத் திரும்ப அழைத்துவரச் சொல்லி, டிக்கியின் அப்பா இவனுக்குச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறார். போனவன் டிக்கியைப் படகில் வைத்துத் துடுப்பால் அடித்துக் கொல்கிறான். அப்புறம் டிக்கியாகவே உடுத்தி, டிக்கியாகவே கையெழுத்துப் போட்டு வாழ்கிறான். கதை முழுக்க நாம் டாமின் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறோம். போலீஸ் விசாரிக்க வரும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, மாட்டிக்கக்கூடாதே என்று. செத்துப்போன டிக்கியைப் பற்றி ரொம்ப நேரத்துக்கு எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை.

டாம்மேல் ஒட்டுதல் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் அனுபவம் தாமான் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இருக்கும். ஹைஸ்மித் அந்த இடத்தில் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். நாவல் படித்தால் இரக்கம் வளரும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். வளரும்தான். யார்மேல் வளரும் என்பதை எழுதுகிறவர் முடிவு செய்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டே ஜெயமோகனின் 'ஏழாம் உலக'த்துக்குள் போனேன். 2003-இல் வந்த நாவல். 'நான் கடவுள்' படம் இதை ஒட்டித்தான் எடுக்கப்பட்டது, ஆனால் படம் பார்த்தவர்கள் நாவல் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. போத்திவேலுப் பண்டாரத்தின் தொழில் உடல் ஊனமுற்றவர்களை வாங்கி, விற்று, கோயில் வாசலில் உட்காரவைத்துப் பிச்சை எடுக்கவைப்பது. அவர் வாயில் அவர்கள் எல்லாரும் 'உருப்படி'. முத்தம்மை என்ற பெண் குறையுள்ள பிள்ளைகளாகப் பெற்றுத் தருகிறாள் என்பதால் அவளுக்கு மதிப்பு அதிகம், மாட்டுக்கு இருப்பது மாதிரி.

இதே பண்டாரத்துக்கு மூன்று பெண்பிள்ளைகள். பாசமான அப்பா. சாமி கும்பிடாமல் சோறு சாப்பிடமாட்டார். கல்யாணச் செலவு, நகை, மாப்பிள்ளை வீட்டாரின் முகம் என்று அவருக்குக் கவலை ஒன்றுமாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. நான் அந்தக் கவலையில் பங்கெடுத்தேன். மாப்பிள்ளை வீட்டில் பிரச்சினை பண்ணாமல் இருக்கணும், பணம் எப்படியாவது சேர்ந்துவிடணும் என்று நினைத்தேன். அந்தப் பணம் எங்கேயிருந்து வரும் என்பது அப்போதும் தெரிந்துதான் இருந்தது. உருப்படியை விற்றால் வரும்.

இந்த இடத்தில் என் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டொயோட்டாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. போர்டில் சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை. ஏன்? சூடு போதவில்லை. ஏன்? சென்சார் தவறான அளவு காட்டியது. ஏன்? கேலிபரேஷன் செய்யவில்லை. ஏன்? அட்டவணையில் அந்த மெஷின் இல்லை. ஏன்? புது மெஷின் வந்தால் அட்டவணையில் சேர்க்க நடைமுறையே இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் ஒருபோதும் ஆள் பெயர் வரக்கூடாது. ஆளைத் திட்டாதே, நடைமுறையைத் திருத்து என்பதுதான் பாடம். நல்ல பாடம், நான் நம்புகிறேன்.

பண்டாரத்தையும் இப்படியே கேட்டுப் பாருங்கள். ஏன் இந்தத் தொழில்? பிழைப்பு. ஏன் இதைவிட்டால் வேறில்லை? மூன்று பெண்பிள்ளைகள், சீர்வரிசை. ஏன் சீர்வரிசை? ஊர் வழக்கம். ஏன் ஊர் அவரைத் தடுக்கவில்லை? ஊருக்குப் பிச்சை போட ஆள் வேணும், புண்ணியம் சேரணும். போலீசும் கோயில் ஆட்களும் பங்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஐந்தாவது ஏன் முடிவதற்குள் பண்டாரம் காணாமல் போய்விடுகிறார், நடைமுறை மட்டும் மிச்சம் இருக்கிறது.

நண்பர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து புத்தகம் பேசுவது வழக்கம். அவர் சொன்னார், "அதான் இலக்கியம்டா. முழுசா புரிஞ்சுகிட்டா மன்னிக்கத்தான் முடியும். தீர்ப்பு சொல்றது கோர்ட்டு வேலை, நம்ம வேலை இல்ல." கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு அடுத்த நாவல் வரைக்கும் ஆனது.

அது ரிச்சர்ட் பிளானகனின் 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்'. 2013-இல் வெளிவந்து அடுத்த வருஷம் புக்கர் வாங்கியது. சயாம் மரண ரயில் பற்றியது. பிளானகனின் அப்பா அந்த ரயில் பாதையில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். நாவலின் மையம் டோரிகோ எவன்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். ஆனால் நடுவில் பிளானகன் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறார். முகாமை நடத்தும் நக்கமுரா என்ற ஜப்பானிய அதிகாரிக்குள்ளும், கைதிகளை அடித்து நொறுக்கும் கொரியக் காவலாளிக்குள்ளும் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. என் பாட்டியின் பெரியப்பா சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பாட்டி 'பெரியப்பா' என்றே சொல்லிச் சொல்லி, பாட்டியோடு பெயரும் போய்விட்டது. அந்தப் பாதை சுமார் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம், அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு மதிப்பீடு மட்டும்தான் உண்டு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. பெரியப்பாக்களுக்கு அந்த மாதிரி வரிசை கிடையாது.

பிளானகன் நாவலில் தமிழர்கள் ஓரமாக வந்து போகிறார்கள். அதற்காக அவரைக் குறை சொல்வது முறையில்லை. அவர் தன் அப்பாவுடைய கதையை எழுதினார். நம்முடையதை ஆ. ரெங்கசாமி 'நினைவுச்சின்ன'த்தில் எழுதியிருக்கிறார், சண்முகம் 'சயாம் மரண ரயி'லில் எழுதியிருக்கிறார். படிக்காமல் இருப்பது நாம். (பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் இருந்தேன். நூலகத்தில் இந்த இரண்டையும் யாரும் இரவல் வாங்கிப் போனதை நான் பார்த்ததில்லை.)

ஆனால் எரிச்சலோடு படித்துக்கொண்டு போகப்போக நக்கமுரா வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தார். அவர் ஹைக்கு ரசிகர். மேலே இருப்பவர்கள் கொடுத்த கெடுவுக்குள் பாதையை முடிக்கவேண்டும் என்ற அழுத்தம். தூக்கம் வராமல் ஊக்க மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடுகிறார். போர் முடிந்து, பெயரை மாற்றிக்கொண்டு, கல்யாணம் செய்து, சாதுவான குடும்பஸ்தராக வாழ்ந்து வயதாகிறார். தன்னை நல்ல மனிதர் என்றே நம்புகிறார். எல்லாம் புரிகிறது. ஐந்து ஏனும் கேட்டாகிவிட்டது. மன்னிக்கத் தோன்றியதா என்றால், இல்லை. முன்பைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அங்கேதான் நண்பருக்குச் சொல்லவேண்டிய பதில் கிடைத்தது. சோல்டர் மெஷின்மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள். அதற்கு வேறு மாதிரி செய்யும் வழியே கிடையாது. சயாம் ரயில் பற்றிப் பெரியவர்கள் சொல்லும்போது ஜப்பான்காரன் அரக்கன் என்பார்கள். அரக்கனும் அப்படித்தானே, கடிப்பதைத் தவிர என்ன தெரியும் அவனுக்கு? ஹைக்குவில் ஓர் அசையின் நுட்பத்தை ரசிக்கத் தெரிந்த மனிதர், எதிரில் நிற்கிறவனுக்குக் காலரா என்பதும் தெரிந்தே அவனை வேலைக்கு அனுப்புகிறார். அவருக்கு வேறு வழி இருந்தது. அவரை மனிதர் என்று நான் ஏற்றுக்கொண்டால்தான் அவர்மேல் குற்றம் சொல்லவே முடியும். என் தொழிற்சாலை அறிக்கையில் ஆள் பெயர் வராமல் இருப்பது நியாயம், ஏனென்றால் அங்கே அடுத்த போர்டு பழுதாகாமல் பார்ப்பதுதான் நோக்கம். முத்தம்மையும் பெரியப்பாவும் போர்டு இல்லை.

பண்டாரத்திடம் திரும்பி வந்தால், ஜெயமோகனும் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று படுகிறது. ஹைஸ்மித் மாதிரி அவர் நம்மை ஓர் ஆளின் கண்ணுக்குள்ளேயே அடைத்துவைக்கவில்லை. கல்யாணக் கவலையில் நாம் மூழ்கியிருக்கும்போது அடுத்த அத்தியாயத்தில் உருப்படிகள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கேலி பண்ணுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவருக்கொருவர் சோறு பங்கிடுகிறார்கள். அவர்களுக்கும் கண் கொடுத்துவிட்டதால், பண்டாரத்துக்காக நாம் பட்ட கவலை வாயில் கசக்கிறது. அந்தக் கவலை பொய்யில்லை. அதனால்தான் கசக்கிறது. கடைசிப் பக்கங்களில் முத்தம்மையின் குரல் வருகிற இடத்தை இங்கே சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது நாவல் கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ'. 2005. மற்றவர்களுக்கு உடலுறுப்பு தானம் செய்வதற்கென்றே பிரதியெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகள் ஹெய்ல்ஷம் என்ற பள்ளியில் படிக்கிறார்கள், படம் வரைகிறார்கள், காதலிக்கிறார்கள், பிறகு வரிசையாக உறுப்புகளைக் கொடுத்து முடிந்துபோகிறார்கள். கதை சொல்லும் கேத்தி அவர்களில் ஒருத்தி. ஏன் யாரும் தப்பித்து ஓடவில்லை என்று கேட்காத வாசகர் இல்லை. எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வம் வரவில்லை. நான் தேடியது அந்தச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் வாங்கிக்கொண்டவர்களை. நாவலில் அவர்கள் ஒருவர்கூட முகம் காட்டுவதில்லை. வில்லனும் இல்லை. கேத்தியின் உலகத்தில் அவர்கள் எங்கேயோ ஒரு வீட்டில் குணமாகி, பேரப்பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் தொழிற்சாலையின் அந்நியத் தொழிலாளர்களுக்கு விடுதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் ஆள் அனுப்பும் ஏஜெண்டின் ஊழியர், நம் ஆள். கோயில் திருவிழா வந்தால் அன்னதானத்துக்கு முதல் ஆளாக நிற்பவர், என்னையும் ரெண்டு தடவை சாப்பிட இழுத்துப்போனவர். தொழிலாளர்களின் கடப்பிதழ்களை ஓர் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். போன மாதம் நேப்பாளத்துத் தம்பி ஒருவன், அம்மாவுக்கு ஆபரேஷன், ஊருக்குப் போய்வரணும் என்று என்னிடம் வந்து நின்றான். விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாச்சு, கடப்பிதழ் மட்டும் கைக்கு வரவில்லை.

அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, இது சட்டப்படித் தப்புண்ணே."

"தெரியும் தம்பி. ஒருத்தன் ஓடிட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்க. போன வருஷம் ரெண்டு பேரு ஓடுனானுங்க. என் மவ காலேஜு பீஸை நீ கட்டுவியா?"

உண்மையைத்தான் சொன்னார். அவருடைய வீட்டுக்கடன் எவ்வளவு, மகள் எந்தக் கல்லூரி, முதலாளி போனில் என்ன பாஷையில் பேசுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவரை வைத்து ஒரு சிறுகதை எழுதச் சொன்னால் ஒரே ராத்திரியில் எழுதிவிடுவேன், படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தத் தம்பியைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு பத்திகூடத் தேறாது. அதனால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் கேட்டேன், மலாயில், எந்த ஊர், எத்தனை பேர் வீட்டில் என்று. ஊர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு நாள் நடை என்றான். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு அனுப்பினாராம், விமான நிலையத்தில் பிடுங்கிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தான்.

மறுநாள் மறுபடியும் அண்ணனிடம் போனேன். இந்தத் தடவை தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. அப்புறம் சாவியை எடுத்தார். அவன் புத்தகம் வந்துவிட்டது. அலமாரியில் இன்னும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. அடுத்த வாரம் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கொடுக்கப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் பெயரையும் போடுவேன் என்று சொன்னேன். "போடுடா, போடு" என்றார். அப்போதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.