வாக்கும் விலாசமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி, இந்தியச் சரக்குகளின்மீது அம்மாதத் தொடக்கத்தில் விதித்திருந்த 25 சதவீதக் கூடுதல் தீர்வையோடு மேலும் 25 சதவீதத்தைச் சேர்த்து, அதை 50 சதவீதமாக்கிய 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில், பனியன் ஏற்றுமதி ஊரான திருப்பூரின் அனுப்பர்பாளையத்துத் தேநீர்க் கடையொன்றில் என் அருகே அமர்ந்திருந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர், கண்ணாடித் தம்ளரை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டியவாறு, "அங்க அவன் ஓட்டுப் போட்டானுங்க, இங்க எனக்கு ஷிப்ட் போச்சுங்க" என்றார். அவர் குறைபட்டுக்கொண்டாரே தவிர வினா எதையும் எழுப்பவில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அது ஒரு வினாவாகவே என்னோடு நடந்து வந்தது. ஒரு தீர்மானத்தின் பாரத்தைச் சுமப்பவனுக்கு, அத்தீர்மானத்தைச் செய்வதிலே பாத்தியதை உண்டா, இல்லையா?

அமெரிக்கா என்னும் தேசம் பிறந்ததே இவ்வினாவின் வயிற்றிலிருந்துதான். தங்களுக்குப் பிரதிநிதி இல்லாத ஒரு சபை தங்கள்மீது வரி விதிக்க அருகதையற்றது என்று வாதாடிய குடியேற்ற மக்கள், 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். (தேநீர்க் கடையில் இருந்தபோது இது நினைவுக்கு வந்தது தற்செயல்தான்.) தீர்வையைக் கட்டுபவன் அமெரிக்க இறக்குமதி வியாபாரியேயன்றித் திருப்பூர்க்காரன் அல்லவே என்று கணக்கறிந்தவர்கள் மறுக்கலாம். மறுப்பு சரியானதே. ஆனால் அந்த வியாபாரி ஆர்டரைக் குறைத்து, விலையில் தள்ளுபடி கேட்டு, அனுப்பும் தேதியைத் தள்ளிவைக்கிறபோது, அப்பாரம் கடல் கடந்து வந்து, முதலில் ஏற்றுமதிக் கம்பெனியின் தோளிலும், பிறகு ஜாப் ஒர்க் எடுத்த பவர் டேபிள்காரர் தோளிலும், கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவரின் சனிக்கிழமைச் சம்பளத்திலும் இறங்கிவிடுகிறது. ஊரின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்போது அந்நாட்டுக்கே போய்க்கொண்டிருந்ததென்றால், இறங்கும் பாரம் எவ்வளவு என்று விவரிக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தீர்வை அமெரிக்கக் காங்கிரஸின் வாக்கெடுப்பால் வந்ததன்று. நெருக்கடிகால அதிகாரங்களைக் காட்டி ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவால் வந்தது. ஆகவே டெய்லர் பழித்த அந்த அமெரிக்க வாக்காளனையும் இவ்விஷயத்தில் எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

பாரம் சுமப்போர் அனைவருக்கும் வாக்கு என்ற தத்துவம் கேட்பதற்கு இனிக்கிறது. ஆயினும் அதை முழு மனத்தோடு ஏற்க எனக்குத் துணிவில்லை. பஞ்சு விலை ஏறினால் விதர்ப்பத்து விவசாயிக்கு லாபம், திருப்பூருக்குக் கஷ்டம். ஒருவர் முடிவு மற்றவரைத் தொடாத விஷயமே உலகில் இல்லை என்றால், எல்லோருக்கும் எல்லாவற்றிலும் வாக்கு என்று ஆகி, எவரும் எதற்கும் பொறுப்பாளி இல்லை என்ற நிலையில் போய் முடியும். ஆதலால் ஜனநாயகத்துக்கு ஒரு வேலி தேவைப்படுகிறது. அந்த வேலியை எதைக்கொண்டு கட்டுவது என்பதிலேதான் ஒவ்வொரு காலமும் தன் சுபாவத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நாம் மேடைதோறும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் உத்திரமேரூர்க் குடவோலையில்கூட, பெயர் எழுதப்படும் தகுதி, தீர்வை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனுக்கே கிடைத்தது. அந்நிலத்தில் உழுதவனுக்கு என்ன இடம் என்று பேச்சாளர்கள் சொல்லுவதில்லை. அமெரிக்கக் குடியரசும் தொடக்கத்தில் பெரும்பாலும் சொத்துடைய வெள்ளை ஆடவரின் குடியரசாகவே இருந்தது. பெண்கள் 1920 வரையிலும், தென் மாநிலங்களின் கறுப்பு மக்கள் மெய்யாகவே வாக்களிக்க 1965 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கனை விட்டு நம் ஊருக்கு வருவோம். வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளின் உப்பு நீரைச் சுமக்கலாயிற்று. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு விடத் தகாத சாய நீரின் தேக்கமாயிற்று. அணையின் கீழிருந்த கிணறுகள் உப்பேறின; தென்னைகள் வாடின. அந்த விவசாயிகளுக்கு வாக்குரிமை இல்லாமலில்லை. ஆனால் சாயம் திருப்பூரில் இறங்கியது. அன்றைய திருப்பூரோ கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர்களுடைய வாக்கு ஈரோட்டிலும் கரூரிலும் விழுந்தது. திருப்பூரின் பிரதிநிதிக்கு அவர்கள் வாக்காளர் அல்லர். அவர்களுடைய பிரதிநிதிக்குத் திருப்பூரின் பட்டறைகள் எட்டவில்லை. ஆறு தொகுதி வரம்பை அறியாது. வாக்கோ அந்த வரம்பைத் தாண்ட அறியாது. கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் நீதிமன்றத்தின் படியேறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான், கீழ்மடையில் இருப்பவன் குரல் மேல்மடையில் கேட்டது. அன்று நம்மிடையே எழுந்த கூக்குரல் எனக்கு நினைவிருக்கிறது: ஊரின் பிழைப்பு போயிற்றே என்றுதான் பேசினோம், கீழே இருப்பவனுடைய பிழைப்பு எத்தனை வருஷமாய்ப் போயிற்று என்று பேசியவர் சிலரே. டெய்லர் அமெரிக்கனைக் குறித்துச் சொன்ன வாக்கியத்தை, அந்த விவசாயி நம்மைக் குறித்து வேறொன்றும் மாற்றாமல் சொல்லியிருக்கலாம், 'ஷிப்ட்' என்பதற்குப் பதிலாகக் 'கிணறு' என்று மட்டும் வைத்து.

தீர்வை ஏறிய அதே 2025 ஆகஸ்ட் மாதத்தின் முதல் தேதியில், பீகாரில் தேர்தல் ஆணையம் வெளியிட்ட வரைவு வாக்காளர் பட்டியலில், முன்பிருந்த சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுள் பெரும்பகுதி, ஊரைவிட்டு நிரந்தரமாக வெளியேறியவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவை. ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று நமக்குத் தெரியும். நம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜைக்கும் அயர்ன் மேஜைக்கும் பின்னால் நிற்கிறவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. சாதாரணமாக வசிக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதியலாம் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுகிறது. ஆகவே பத்து வருஷம் இங்கே ஊசி ஓட்டியவன் இங்கே வாக்களிக்கத் தடையேதும் இல்லை. ஆயினும், அவர்கள் இங்கே வாக்காளரானால் தமிழ்நாட்டின் அரசியல் என்னாவது என்ற கவலை அப்போது பொதுவெளியில் பலமாக ஒலித்தது. அக்கவலையை முழுவதும் கேலி செய்ய நான் விரும்பவில்லை. தன் மொழியும் சித்தாந்தமும் எண்ணிக்கையில் கரைந்துபோகுமோ என்று ஒரு சமூகம் அஞ்சுவது இயல்பே. ஆனால் உழைப்பை ஏற்றுக்கொண்டு அபிப்பிராயத்தை மட்டும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டுக்கு, சாஸ்திரங்களில் எந்தப் பெயர் இருந்தாலும், தர்மம் என்ற பெயர் இராது என்பதே என் துணிபு.

1831-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த டோக்வில் என்ற பிரெஞ்சுக்காரர், அந்நாட்டு ஜனநாயகத்தின் உயிர்நிலை வாக்குப் பெட்டியோடு முடிந்துவிடவில்லை, சிறிதும் பெரிதுமான காரியங்களுக்கெல்லாம் ஜனங்கள் சங்கம் கூடுகிற பழக்கத்திலும் இருக்கிறதென்று கண்டெழுதினார். அந்த அளவில் திருப்பூர் ஒன்றும் பின்தங்கிய ஊரன்று. முதலாளிகளின் சங்கங்கள் ஒருபுறம், தொழிலாளர் சங்கங்கள் மறுபுறமாக உட்கார்ந்து, சில ஆண்டுகளுக்கொருமுறை கூலி உடன்படிக்கை எழுதுகிற வழக்கம் இங்கே உண்டு; 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்த வரலாறும் உண்டு. சங்கத்தில் சேர வாக்காளர் அட்டை வேண்டாம். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவன் என்பதே போதும். கொள்கையளவில் பீகாரியும் ஒடியனும் நாளைக்கே அந்தக் கூட்டத்தில் கையுயர்த்தலாம். ஆனால் அக்கூட்டங்களில் பேச்சு தமிழில் நடக்கிறது. அவர்களை அழைத்து வந்த ஏஜென்டோ பெரும்பாலும் அங்கே அவர்களைக் காண விரும்புவதில்லை.

தேநீர்க் கடைக்கு மறு வாரமும் போனேன். அதே டெய்லர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பீகாரைச் சேர்ந்த பத்தொன்பது இருபது வயதுப் பையன் ஒருவன், நாங்கள் பேசுவதைப் புரியாமலே கவனித்துக்கொண்டிருந்தான். ஒரே லைனில் வேலையாம்; இருவருக்கும் அந்த வாரம் பாதி ஷிப்ட்தானாம். இந்தப் பையன் எங்கே ஓட்டுப் போடவேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று டெய்லரைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் சாலையைப் பார்த்தார். "அவனுக்கு அவன் ஊர்ல இருக்குதுங்களே" என்றார். பிறகு, நான் கேட்டது நினைவில் உறுத்தியதோ என்னவோ, பையன் பக்கம் திரும்பி, கைஜாடையால் ஏதோ விசாரித்தார். பையன் செல்போனைத் திறந்து, ஊரிலிருந்து அண்ணன் அனுப்பியிருந்த பட்டியலின் படத்தைக் காட்டி, விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடி, கடைசியில் தலையை ஆட்டினான். டெய்லர் மறுபடியும் இரண்டு டீ சொன்னார்.