சொல்லாத காயம்

மேஜர் முகுந்த் வரதராஜன் 1983 ஏப்ரல் 12 அன்று பிறந்தவர், தாம்பரத்துக்காரர். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பி.காம் படித்தார். பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயம் பெற்றார். பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 2006 மார்ச்சில் ராஜபுத் ரெஜிமென்ட்டின் 22ஆவது பட்டாலியனில் அதிகாரியானார்.

தாம்பரத்துக்கும் ஏனாத்தூருக்கும் நடுவில்தான் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இருக்கின்றன. அவர் தோளில் நட்சத்திரம் ஏறிய அதே 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கைபேசி செய்யத் தொடங்கியது. அவர் உயிர்நீத்த 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. அவர் வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ் ஏறிய அந்த எட்டு ஆண்டுகள்தான் அவருடைய ராணுவ வாழ்க்கை. அதற்குள் லெபனானில் ஐ.நா. அமைதிப்படைப் பணியும், காஷ்மீரில் 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பணியும் அடங்கிவிட்டன.

2014 ஏப்ரல் 25. நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம். ஷோபியான் மாவட்டத்தில் காஸிபத்ரி கிராமம். ஆப்பிள் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் பதுங்கியிருந்த தீவிரவாதிகளை முகுந்தின் குழு சுற்றி வளைத்தது. சண்டையில் சிப்பாய் விக்ரம் சிங்கும் முகுந்தும் உயிரிழந்தார்கள். முகுந்துக்கு வயது 31. அமைதிக்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான அசோக சக்கரத்தை, 2015 குடியரசு நாளில் பிரணாப் முகர்ஜியிடமிருந்து அவர் மனைவி இந்து பெற்றுக்கொண்டார். 2024 தீபாவளிக்கு அவர் கதையைச் சொல்லும் ‘அமரன்’ படம் வந்த பிறகு, அவர் பெயரை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

இந்த வாழ்க்கையில் ஒரு சிறு செய்தி மட்டும் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. குண்டுகள் பாய்ந்த உடம்போடு முகுந்த் சண்டையை முடித்தார், வெளியே வந்தார், அதன் பிறகே சரிந்து விழுந்தார். விழும்வரை காயத்தின் கடுமை உடனிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கதவுக்கும் விழுந்த இடத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில அடிகளை எப்படி எடுத்துக்கொள்வது?

தமிழ் மனத்துக்கு இதற்குப் பழகிய விடை ஒன்று உண்டு. களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடி, மகன் புறமுதுகிடாமல் சிதைந்து கிடந்ததைக் கண்டபின் மகிழ்ந்த தாயைப் பள்ளிக்கூடத்தில் புறநானூற்றுப் பாடமாகப் படித்தவர்கள் ஏராளம். பாட்டின் வரிகள் மறந்திருக்கும். தாயின் கை மறந்திராது. அந்தப் பாட்டிலும் பேசுவது தாய்தான், காயம் பட்டவன் அல்ல.

ஆனால் காயத்தை மறைப்பவர்கள் வீரர்கள் மட்டும் அல்லர். ஏரிக்கரையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, பச்சைச் சாற்றைக் காயத்தில் பிழிந்துகொள்ளும். எரிச்சலில் கண்ணில் நீர் முட்டும். வீட்டுக்கு வந்து மூச்சுவிடாது. சொன்னால் அடி விழும்.

ஒரகடத்துப் பட்டறையிலும் அந்தப் பிள்ளை இருக்கிறான், கொஞ்சம் வளர்ந்து. ஷிப்ட் தொடங்கும்முன் நிற்கவைத்துப் பாதுகாப்பு சொல்கிறார்கள். விபத்து தப்பிப்போனாலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத அளவு அடிபட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. இருந்தும், பிரஸ்ஸில் விரல் நசுங்கிய காண்ட்ராக்ட் தொழிலாளி கையுறைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றால், அதற்குக் காரணம் வீரம் அல்ல. லீவு எடுத்தால் சம்பளம் போகும், அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். அந்த மௌனத்தைப் புகழ்வது பாவம்.

முகுந்தின் மௌனம் வேறு இடத்தில் பிறந்தது. 1932இல் டேராடூன் ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில் தலைமைத் தளபதி செட்வுட் சொன்ன முறை இன்றும் இந்திய ராணுவ அதிகாரிகளுக்கு மந்திரம்போல: நாடு முதலில், தன் கீழ் உள்ளவர்கள் அடுத்து, தான் எப்போதும் கடைசி. உள்ளே ஆள் இருக்கும்வரை அதிகாரியின் காயம் வரிசையில் கடைசி. பிள்ளையும் தொழிலாளியும் தமக்கு மேலே இருப்பவருக்குப் பயந்து வாய்மூடுகிறார்கள். முகுந்த் தமக்குக் கீழே இருந்தவர்களுக்காக வாய்மூடினார்.

இப்படிப் பிரித்துச் சொல்லிவிடலாம். பிரிவு அவ்வளவு கறாராக நிற்குமா என்பதுதான் கேள்வி. கொதிக்கும் சண்டையில் வலி உறைப்பதில்லை என்பார்கள். அப்படியானால் அந்தச் சில அடிகளில் முடிவு எடுத்தது மனமா, பழக்கப்பட்ட உடம்பா? பழக்கம்தான் என்றால் வீரம் குறைந்துவிடாது. அத்தனை ஆண்டுப் பயிற்சியும் அதற்காகத்தானே.

‘அமரன்’ பார்த்துவிட்டு மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் இருபது வயதுப் பையனுக்கு இரண்டையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது: முகுந்தைப் போல இரு, அடிபட்டால் உடனே சொல். இரண்டும் ஒரே மனிதனுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போதைக்குச் சூப்பர்வைசர்கள் ஒன்று செய்யலாம்: காயத்தைச் சொன்னவனை மறுநாளும் வேலைக்குக் கூப்பிடுங்கள்.