தெரிந்தவர் சொல்ல வேண்டிய வார்த்தை

ஆபீஸ் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழுகிற ஆங்கில வார்த்தை, ‘பிகினர்ஸ் மைண்ட்’. கற்றுக்குட்டியின் மனசு. ‘கத்துக்கிட்டதையெல்லாம் மறந்துடுங்க, அப்பத்தான் புதுசா யோசிக்க முடியும்’ என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால், உங்கள் குழந்தைக்கு ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் அப்படி எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்தால் சம்மதிப்பீர்களா?

இது ஜென் பௌத்தச் சொல். ஜப்பானிய மொழியில் ‘ஷோஷின்’. ஷுன்ரியு சுசுகி என்கிற ஜென் குருவின் அமெரிக்கச் சொற்பொழிவுகள் 1970இல் புத்தகமாக வந்த பிறகு ஆங்கிலத்தில் பரவியது. பல வருஷம் பழகிய பிறகும் முதல் நாள் மனசை விட்டுவிடாமல் இருப்பதுதான் கஷ்டம் என்பது அவர் கருத்து. மறப்பது பற்றிய பேச்சு அல்ல அது.

இதற்கு உதாரணம் தேடி ஜப்பான் போக வேண்டாம், கும்பகோணம் பக்கத்துத் திருப்பனந்தாளே போதும். அங்கே இருக்கும் காசி மடம், 17ஆம் நூற்றாண்டுக் குமரகுருபரரின் வழியில் வந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் முன்னால் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றியவர் அவர். அப்பேர்ப்பட்ட புலவரிடம் தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர் பெரியபுராணப் பாட்டு ஒன்றுக்கு அனுபவப் பொருள் கேட்டார். பதில் வரவில்லை. சமாளிக்க அவருக்குத் தமிழுக்கா பஞ்சம்? ஆனாலும் சமாளிக்கவில்லை. அவரையே குருவாக ஏற்றுக்கொண்டார்.

பிறகு காசிக்குப் போனார். அங்கே முகலாய ஆட்சியாளரிடம் பேச வேண்டும், ஹிந்துஸ்தானியோ தெரியாது. அந்த மொழி வரவேண்டும் என்று கலைமகளைப் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை என்பது மரபு. பத்துப் பாட்டு. கவனியுங்கள், தெரியாத மொழியைக் கேட்பதற்காகத் தெரிந்த தமிழை அவர் மறந்துவிடவில்லை. அந்தத் தமிழிலேயேதான் கேட்டார்.

வயலிலும் இதே கதைதான். ஒற்றை நாற்று நடவு 2000களில் டெல்டாவுக்கு வந்தபோது பதினாலு நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று என்றார்கள். நாற்பது வருஷம் குத்துக்கு மூணு, நாலு என்று நட்டுப் பழகியவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். ‘சரி, ஒரு மூலையில போட்டுப் பார்ப்போமே’ என்று அவர் சொன்னால், அதுதான் பிகினர்ஸ் மைண்ட். நட்டது தூர் கட்டுகிறதா இல்லையா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அந்த நாற்பது வருஷம் தேவை. நேற்று வயலில் இறங்கிய பையனால் அது முடியாது.

‘எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்க’ என்று புதுசாக வேலைக்கு வந்த பையன் சொல்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. முப்பது வருஷ சர்வீஸ்காரர், நாலு பேர் பார்க்க அதைச் சொல்லும்போது கொஞ்சம் வலிக்கும். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு கேட்கிறவருக்குத்தான் இந்த வார்த்தை பொருந்தும்.